ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கால்நடைகளும் கிருமிக்கொல்லி மருந்தும்

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே, கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள கிராமங்களில், ஒரு குடும்பத்தின் வரும்படி பெரும்பாலும் இரு வழிகளில் வந்து சேருகிறது. ஓசூர் சிப்காட் பேட்டையிலோ, எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரம் முதலிய இடங்களிலோ உள்ள தொழிற்சாலைகளில் கிடைக்கும் சம்பளம் ஒன்று. வீட்டுக் கொட்டகையில் கட்டியிருக்கும் ஒன்றிரண்டு கலப்பினப் பசுக்களின் பால் மற்றொன்று. சம்பளம் மாதத்திற்கு ஒரு முறை வரும். பால் பணமோ அன்றாடச் செலவைத் தாங்கி நிற்பது. ஆகையால் ஒரு பசு ஒரு வேளை தீனியில் வாய் வைக்காமல் நின்றாலும், மடி ஒரு பக்கம் கல்லாக இறுகினாலும், அக்குடும்பத்திற்கு அது சிறு காரியமன்று.

அவ்வேளையில் நடப்பது யாதெனில், ஆண்மக்கள் ஷிப்டு வேலைக்குச் சென்றிருப்பர். கால்நடை ஆஸ்பத்திரி சில மைல் தூரத்தில் இருக்கும்; நோயுற்ற மாட்டை அங்கே ஓட்டிச் செல்ல ஆளிராது. மருந்துக் கடையோ பஸ் நிற்குமிடத்திலேயே இருக்கிறது. சென்ற தடவை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோ, மருந்து தீர்ந்த குப்பியோ கையிலிருந்தால், அதைக் காட்டி அதே மருந்தை வாங்கிவிடலாம். ஊசி குத்தப் பழகியவர் ஒருவர் ஊரிலேயே இருப்பார். மறுநாளும் குணம் காணாவிடில் வேறொரு மருந்து வரும். அதற்கும் அடுத்த நாள்தான் டாக்டரின் நினைவு வரும். இதைக் கண்டு குடியானவர்களை அறியாதவர் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. அவர்கள் ஒரு கணக்குப் போட்டே இவ்வாறு செய்கின்றனர். அக்கணக்கு எவ்விடத்தில் சரி, எவ்விடத்தில் பிழை என்பதை ஈண்டு விளக்குவோம்.

மருந்து செய்யும் வேலையும் செய்யாத வேலையும்

ஆன்டிபயாடிக் என்று கடைகளில் வழங்கும் கிருமிக்கொல்லி மருந்துகள், பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களைக் கொல்லும். அல்லது அவை பெருகாதபடி தடுக்கும். பெனிசிலின், ஆக்ஸிடெட்ராசைக்ளின், என்ரோஃப்ளாக்ஸசின் முதலியவை இவ்வகையின. அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், மடிவீக்கம் ஆகியவை பாக்டீரியாவால் வருபவை. இவற்றில் தக்க மருந்தைத் தக்க காலத்தில் கொடுத்தால் பிராணியின் உயிரையும் மடியையும் காக்கலாம். இம்மருந்துகள் மனிதனுக்கும் மாட்டுக்கும் கிடைத்த பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை.

ஆனால் மாடுகளின் கோமாரி, தோல் கழலை நோய், ஆடுகளைக் கொள்ளையிடும் ஆட்டுக்கொல்லி நோய், கோழிகளின் வெள்ளைக் கழிச்சல் ஆகியவை வைரஸ் என்னும் வேறு வகைக் கிருமியால் உண்டாவன. கிருமிக்கொல்லி மருந்து எத்தனை விலை உயர்ந்ததாயினும் வைரஸை ஒன்றும் செய்யாது. அப்படியிருக்க, கோமாரிக்கு ஊசி போட்டுக் குணமானது என்று பலர் உறுதியாகக் கூறுவதேன்? அவர்கள் பொய் சொல்லவில்லை. கோமாரி கண்ட வளர்ந்த மாடு பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே வாய்ப்புண் ஆறித் தீனி தின்னத் தொடங்கும். நடுவில் ஊசி போட்டிருந்தால் அந்தப் பெருமை ஊசிக்குப் போய்விடுகிறது. அன்றியும், குளம்பிடுக்கில் உண்டான புண்ணில் பாக்டீரியா புகுந்து சீழ் வைக்குமாயின், டாக்டரே கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுப்பதுண்டு. அது புண்ணுக்குக் கொடுத்த மருந்து, கோமாரிக்கன்று. இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்ல டாக்டருக்கு நேரமில்லை. பார்த்துக் கொண்டிருந்தவருக்கோ ஊசிதான் கண்ணில் பட்டது.

அரை மருந்தினால் வரும் கேடு

மடிவீக்கத்திற்கு டாக்டர் ஐந்து நாள் ஊசி என்று சொல்லியிருப்பார். இரண்டு ஊசியில் வீக்கம் வடிந்து பால் தெளிந்துவிட்டால், எஞ்சிய மருந்தை அலமாரியில் வைத்துவிடுவது வழக்கம். அடுத்த தடவை கன்றுக்குக் கழிச்சல் கண்டால் அது பயன்படும் என்பது எண்ணம். மருந்தின் அளவோ மாட்டின் எடையைப் பொறுத்தது. நானூறு கிலோ எடையுள்ள பசுவுக்கு, குப்பியில் மிஞ்சியிருக்கும் கொஞ்ச மருந்தைக் குத்தினால், அது இரத்தத்தில் போதிய அளவுக்கு ஏறாது.

ராகிக் கொல்லையில் களை எடுப்பவர் மேலோட்டமாகக் கிள்ளிவிட்டுப் போனால், மேலே நின்றவை மட்டும் போய், வேரோடிய களைகளே மிஞ்சி விதை விடும். அடுத்த போகத்தில் கொல்லை முழுவதும் அவையே நிற்கும். கிருமிகளின் சங்கதியும் ஏறக்குறைய இத்தகையதே. குறைந்த அளவு மருந்து வலுவற்ற கிருமிகளை மாய்த்து, தாங்கக்கூடியவற்றை விட்டுவைக்கிறது. அவற்றிற்குப் போட்டியில்லாமற் போவதால் அவையே பெருகுகின்றன. ஆனால் கிருமிகள் ஒரு வகையில் களையையும் மிஞ்சியவை: மருந்தைத் தாங்கும் சக்தியைத் தம் சந்ததிக்கு மட்டுமின்றி, பக்கத்திலுள்ள வேறு இனக் கிருமிகளுக்கும் கொடுக்க வல்லவை. மாட்டின் குடலில் தோன்றிய அச்சக்தி, சாணத்தின் வழியாகவும், கறப்பவர் கையின் வழியாகவும், மனிதரிடம் நோய் உண்டாக்கும் கிருமிக்கும் போய்ச் சேரலாம்.

இது புதிதாக அறிந்த விஷயமன்று. 1928-ல் பெனிசிலினைக் கண்ட அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவிலேயே, குறைந்த அளவு மருந்துக்குக் கிருமிகளை உட்படுத்தினால் அவை மருந்துக்கு அடங்காதவையாக மாறிவிடும் என்று எச்சரித்தார். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேர்க்காரணமாக 2021-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 11 லட்சம் பேர் மாண்டனர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கின்றனர். இதில் பெரும் பங்கு மனித வைத்தியத்தில் நடக்கும் தவறான உபயோகத்தைச் சேர்ந்தது. கொட்டகையின் பங்கு இவ்வளவு என்று பிரித்துக் கூறுவது கடினம்; பங்கே இல்லை என்பது மட்டும் பொருந்தாது.

குடியானவருக்கு இதைவிட நெருங்கிய நஷ்டம் ஒன்றுண்டு. நேற்று வரை ஆயிரம் மாட்டைக் காத்த மலிவான மருந்து, நாளை அவருடைய மாட்டுக்கே பலிக்காது. மடிவீக்கத்தில் இது இப்போதே காணப்படுகிறது. ஒரு மருந்துக்கு அடங்காமல் மற்றொன்று, அதற்கும் அடங்காமல் இன்னொன்று என்று மாற்றி மாற்றிக் குத்தி, இறுதியில் ஒரு காம்பு அடைத்தே போய்விடுகிறது. மூன்று காம்புப் பசுவுக்குச் சந்தையில் என்ன விலை என்பதை இப்பகுதியாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கோழிப் பண்ணையின் சங்கதி

மாட்டுக்காரர் நோய் வந்தபின் மருந்தைத் தேடுகிறார். கறிக்கோழிப் பண்ணையில் நோய் வருமுன்பே மருந்து போய்விடுகிற வழக்கம் ஒன்று பல நாடுகளில் வேரூன்றியது. அதன் வரலாறு விசித்திரமானது. 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் லெடர்லி ஆராய்ச்சிச்சாலையில் ஜூக்ஸ், ஸ்டோக்ஸ்டாட் என்னும் இருவர், கோழிக்குஞ்சுகளின் தீவனத்தில் ஆரியோமைசின் தயாரித்தபின் எஞ்சும் வண்டலைக் கலந்து கொடுத்தனர். குஞ்சுகள் வழக்கத்தைவிட விரைவாக வளர்ந்தன. நோயில்லாத பிராணிக்கு எடை கூடுவதற்காகச் சிறிதளவு மருந்தைத் தினந்தோறும் ஊட்டும் பழக்கம் அதிலிருந்து உலகெங்கும் பரவிற்று. அரை மருந்தின் கேட்டை முன்னரே கூறினோம். இதுவோ நாள் தவறாமல் கொடுக்கும் அரை மருந்து.

ஸ்வீடன் தேசம் 1986-ல் இதைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் 2006-ல் தடை வந்தது. சீனாவில் 2015-ல் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கோலிஸ்டின் என்னும் மருந்தை முறிக்கும் ஒரு மரபணு காணப்பட்டது. மற்ற மருந்துகள் யாவும் கைவிட்டபின் மனிதரைக் காப்பாற்ற ஆஸ்பத்திரிகளில் கடைசியாக எடுக்கும் மருந்து இது. அதையே கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தோடு கலந்து கொடுத்து வந்தனர். சீனா 2017-ல் தீவனத்தில் அதை நிறுத்தியபின், அம்மரபணுவைத் தாங்கிய கிருமிகள் பண்ணைகளிலும் ஜனங்களிடத்தும் குறையத் தொடங்கின. நிறுத்தினால் பயன் உண்டு என்பதற்கு இது நல்ல சாட்சி. இந்திய சர்க்கார் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிகளுக்கும் மீன்களுக்கும் தீவனத்துக்கும் கோலிஸ்டினை உற்பத்தி செய்வதையும் விற்பதையும் தடுத்துவிட்டது. 2025-ல் குளோரம்ஃபெனிகால், நைட்ரோஃப்யூரான் வகை மருந்துகளும் உணவுப் பிராணிகளுக்குத் தடை செய்யப்பட்டன.

இப்பகுதியில் கறிக்கோழி வளர்ப்போரில் பலர் கம்பெனி ஒப்பந்தத்தின் பேரில் வளர்ப்பவர்கள். குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவை கம்பெனியினுடையவை. கொட்டகை, தண்ணீர், மின்சாரம், உழைப்பு ஆகியவை வளர்ப்பவருடையவை. எடைக்கு ஏற்ற கூலி அவருக்குக் கிடைக்கும். குஞ்சுகள் அதிகமாகச் செத்தாலும், தின்ற தீவனத்திற்கு ஏற்ற எடை வராவிட்டாலும் கூலி குறையும். மூட்டையில் வரும் தீவனத்தில் என்ன கலந்திருக்கிறதென்பதும், தண்ணீரில் கலக்கச் சொல்லிக் கொடுக்கும் பொடி என்னவென்பதும் அவருக்குச் சொல்லப்படுவதில்லை, அவர் கேட்பதுமில்லை. ஆகவே இவரைப் பார்த்து மருந்தைக் குறை என்று உபதேசம் செய்வது, ஏரோட்டியிடம் நில வரியைக் குறைக்கச் சொல்வது போலாகும். கேட்க வேண்டிய இடம் கம்பெனி. ஆயினும் வளர்ப்பவர் கையிலும் சில காரியங்கள் உண்டு. மூட்டையின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறதென்று படித்துக்காட்டச் சொல்லலாம். கொடுக்கும் பொடி மருந்தா, வைட்டமினா என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியுடன் குறித்து வைக்கலாம். பலர் ஒன்றாகக் கேட்டால் பதில் வராமற் போகாது.

தண்ணீரைக் குறித்து ஒரு வார்த்தை. குஞ்சுகளின் கழிச்சலில் பெரும்பகுதி அசுத்தமான தண்ணீரால் வருவது. தொட்டியைக் கழுவி, குளோரின் கலந்து விட்டால் மருந்துப் பொடிக்கு வேலை குறையும். ஆனால் வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும் நாளில் குளோரின் கூடவே கூடாது. அத்தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். குளோரின் அதைக் கொன்றுவிடும். கொழுப்பு நீக்கிய பால் பொடியைச் சிறிது தண்ணீரில் கலப்பது அதைக் காப்பதற்கே. தடுப்பு மருந்து கொடுத்தும் கோழி செத்தது என்று குறை கூறப்படும் இடங்களில், தண்ணீரையும், மருந்து பனிக்கட்டியோடு வந்ததா என்பதையும் முதலில் விசாரிக்க வேண்டும்.

பாலை நிறுத்தும் கணக்கு

கிருமிக்கொல்லி மருந்து போட்ட பசுவின் பாலில் அம்மருந்து சில நாட்கள் வரை வந்துகொண்டிருக்கும். எத்தனை நாள் பாலை விற்கக்கூடாதென்பதை மருந்துச் சீட்டில் குறிக்க வேண்டுமென்று 2012-ல் விதி ஏற்பட்டது. குறிப்பு இல்லாத மருந்தாயின், பாலுக்கும் முட்டைக்கும் 7 நாட்களுக்குக் குறையாமலும், இறைச்சிக்கு 28 நாட்களுக்குக் குறையாமலும் நிறுத்த வேண்டும். இந்த விதியை அறிந்தவர் சிலர். அறிந்தும் கடைப்பிடிப்பவர் அதனினும் சிலர். இதன் காரணத்தை மறைக்காமல் பார்ப்போம்.

ஒரு பசு நாளொன்றுக்கு 10 லிட்டர் கறக்கிறதென்றும், லிட்டருக்கு 35 ரூபாய் கிடைக்கிறதென்றும் வைத்துக் கொள்வோம். மூன்று நாள் ஊசி. கடைசி ஊசிக்குப் பின் ஏழு நாள் காத்திருப்பு. ஆகப் பத்து நாளில் 100 லிட்டர் பால், 3,500 ரூபாய் நஷ்டம். இந்நஷ்டம் முழுவதும் அவ்வொரு வீட்டின் தலையில் விழுகிறது. பாலை ஊற்றிவிட்டாலோ, சங்கத்துக் கேனில் பலர் பாலோடு கலந்து போய்விடுகிறது. யார் வீட்டுப் பால் என்று கேட்பாரில்லை. தீங்கு ஊரெங்கும் பரவுகிறது. ஒருவர் மேலும் விழுவதில்லை. இப்படியொரு கணக்கில் மனிதன் எப்பக்கம் சாய்வான் என்பதற்குச் சாஸ்திரம் பார்க்க வேண்டியதில்லை.

ஆயினும் இக்கணக்கில் இரண்டு இனங்கள் விட்டுப் போயிருக்கின்றன. முதலாவது, அந்தப் பாலை முதலில் குடிப்பது அந்த வீட்டுக் குழந்தையே. காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நம்புவது தவறு. இம்மருந்துகளில் பல, கொதித்தாலும் அழிவதில்லை. பெனிசிலின் ஒவ்வாதவருக்கு அதனால் உடம்பு தடிப்பதும் மூச்சடைப்பதும் உண்டு. மருந்து கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாமற் போவதைப் பெண்கள் பலர் கண்டிருப்பர். உறையிலுள்ள நன்மை செய்யும் கிருமிகளையும் மருந்து கொன்றுவிடுவதே அதற்குக் காரணம். இரண்டாவது, விற்கக்கூடாத பாலைக் கன்றுக்கு ஊட்டிவிடுவது சிக்கனமாகத் தோன்றினாலும், அது கன்றின் குடலில் அரை மருந்து போட்டதே யாகும். அப்பாலைக் குழி தோண்டிக் கொட்டுவதே தகும்.

பால் முழுவதும் நஞ்சாகிவிட்டது என்று பீதி கொள்ளவும் வேண்டாம். தேசமெங்கும் 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்ததில், அளவுக்கு மேல் கிருமிக்கொல்லி மருந்து இருந்தவை 77. நூற்றுக்கு ஒன்றேகால் என்று சொல்லலாம். அதே சோதனையில் தமிழ்நாட்டு மாதிரிகள் 551-ல் 88-இல் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு மிகுந்திருந்தது. பூசணம் பிடித்த புண்ணாக்கும் மக்காச்சோளமும் மாட்டுக்குப் போவதால் வருவது அது. மருந்தைப் பற்றிப் பேசும்போது தீவனத்தை மறப்பதற்கில்லை என்பதால் இதையும் குறிப்பிட்டோம்.

எங்கள் அபிப்பிராயத்தில், பாலை நிறுத்தும் நஷ்டத்தைத் தனி வீட்டார் மட்டும் சுமக்கும்வரை இவ்விதி ஏட்டிலேயே நிற்கும். ஒவ்வொரு பால் சங்கமும் லிட்டருக்குச் சில காசு பிடித்து ஒரு நிதி வைத்து, டாக்டர் சீட்டுடன் பாலை நிறுத்தியவருக்கு அதிலிருந்து ஒரு பகுதியேனும் கொடுக்குமாயின், மறைத்து ஊற்றும் அவசியம் குறையும். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் செய்தாற் போதும்.

மருந்துச் சீட்டின் குறிப்பு ஆங்கிலத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய பொடி எழுத்தில் இருப்பது மற்றொரு இடையூறு. தளி, பாகலூர், பேரிகை, வேப்பனப்பள்ளிப் பக்கங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவோர் மிகுதி. டாக்டர் எத்தனை நாள் பாலை நிறுத்த வேண்டுமென்பதை வாயால் சொல்லி, கொட்டகைச் சுவரில் கரியால் தேதியை எழுதச் செய்தால், அச்சிட்ட குறிப்பைவிட அது அதிகம் பயன்படும்.

தடுப்பூசியைக் குறித்த அச்சம்

மருந்தூசியை விரும்பி வாங்குபவரே தடுப்பூசி போட வரும்போது மாட்டைக் கொல்லைப்புறம் ஓட்டிவிடுவதுண்டு. ஊசி போட்டால் பால் குறையும், காய்ச்சல் வரும், சினை கலையும் என்பவை அவர்கள் கூறும் காரணங்கள். முதல் இரண்டும் முற்றும் பொய்யல்ல. கோமாரித் தடுப்பூசி போட்ட பசுவுக்கு ஓரிரு நாள் உடம்பு சுடுவதும், பால் சிறிது இறங்குவதும் உண்டு. பின் பழைய நிலைக்கு வந்துவிடும். இதை முன்கூட்டியே சொல்லாமல் ஒன்றும் ஆகாது என்று கூறிப் போடுவதே பின்னர் அவநம்பிக்கைக்கு இடமாகிறது. கோமாரி வந்து போன கலப்பினப் பசுவோ பல மாதம் பழைய பாலுக்கு வருவதில்லை. வெயிலில் மூச்சிரைத்து நிற்கும். சினை பிடிப்பதும் தாமதமாகும். ஓரிரு நாள் குறைந்த பாலைக் கணக்கில் எழுதுபவர் இதையும் எழுதல் வேண்டும். சினை நிறைந்த மாடாயின் டாக்டரிடம் சொல்லி, அவர் கூறும் நாளில் போட்டுக்கொள்ளலாம்.

தடுப்பினால் ஆகக்கூடியது எவ்வளவு என்பதற்கு வெக்கை நோயைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. ஊருக்கு ஊர் கொட்டகைகளைக் காலியாக்கிய நோய் அது. சென்னை மாகாணத்தில் 1866-லேயே கால்நடை நோய்ச் சட்டம் ஒன்று இயற்ற நேர்ந்தது. முக்தேசுவர் ஆராய்ச்சிச்சாலையில் எட்வர்ட்ஸ் என்பவர் 1920-களில் ஆட்டின் உடலில் வளர்த்துப் பதப்படுத்திய வைரஸைக் கொண்டு தடுப்பு மருந்து கண்டார். சென்னையில் 1932-ல் ஏற்பட்டுப் பின்னர் இராணிப்பேட்டைக்கு மாறிய நிலையம் தடுப்பு மருந்துகளைச் செய்து ஜில்லாக்களுக்கு அனுப்பி வந்தது, இன்றும் அனுப்புகிறது. 1954-ல் தேசமெங்கும் ஊசி போடும் திட்டம் தொடங்கிற்று. இந்தியாவில் அந்நோய் கடைசியாகத் தோன்றியது 1995-ல். 2011-ல் உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அது வைரஸ் நோய். அதை ஒழித்ததில் கிருமிக்கொல்லி மருந்துக்குப் பங்கு ஒன்றுமில்லை.

இப்போது 2019 முதல் நடைபெறும் தேசியத் திட்டத்தின்படி மாடு எருமைகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒரு முறை கோமாரித் தடுப்பூசியும், 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரு முறை கருச்சிதைவு நோய்த் தடுப்பூசியும் இலவசமாகப் போடப்படுகின்றன. பின்னது கறப்பவருக்கும் தொற்றி மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும் தரும் நோய் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டுக் கோழிகளுக்கு ஆண்டுதோறும் பிப்ரவரியில் வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடக்கிறது. ஊரில் பத்து வீட்டில் எட்டு வீட்டார் போட்டுக்கொண்டு இரண்டு வீட்டார் ஒளித்து வைத்தால், நோய் அவ்விரண்டு வீட்டில் நுழைந்து, ஊசி போட வயது வராத மற்ற வீட்டுக் கன்றுகளையும் பிடிக்கும்.

கறப்பவர் கையில் உள்ளது

பால் மாட்டுக்காரர் வாங்கும் கிருமிக்கொல்லி மருந்தில் பெரும்பங்கு மடிவீக்கத்திற்கே செலவாகிறது. ஆகையால் மருந்தைக் குறைக்க விரும்புவோர் முதலில் கறவையைக் கவனிப்பது நலம். கறந்து முடிந்தபின் காம்பின் துவாரம் ஏறக்குறைய அரை மணி நேரம் திறந்தே இருக்கும். அப்போது பசு சாணத்திலோ மூத்திர ஈரத்திலோ படுத்தால் கிருமி நேரே உட்புகும். கறந்தவுடன் புல்லோ ராகித்தாளோ முன்னே போட்டுப் பசுவை நிற்க வைப்பது செலவில்லாத வைத்தியம். கட்டைவிரலை மடக்கிக் காம்பை நெரித்துக் கறப்பதால் உள்ளே காயம் உண்டாகும். முழுக் கையால் பிடித்துக் கறப்பதே முறை. முதல் பீச்சை ஒரு கறுப்புத் துணியின் மேல் விட்டுப் பார்த்தால், திரியோ செதிலோ தெரியும். வீக்கம் வருமுன்பே நோயை அறியலாம். நோயுள்ள பசுவைக் கடைசியில் கறத்தல் வேண்டும். கறந்தபின் அயோடின் கரைசலில் காம்பை முக்குதலும் நன்று. ஓசூர்ப் பக்கத்தின் குளிர்ச்சி கலப்பினப் பசுக்களுக்கு ஏற்றதேயாயினும், மழைக்காலத்தில் கொட்டகைத் தரை உலராமல் கிடப்பது இங்கே பெருங்குறை.

கறப்பவரும், தரையைக் கழுவுபவரும், தயிர் உறையவில்லை என்று முதலில் காண்பவரும் பெரும்பாலும் பெண்களே. ஆனால் கால்நடைக் கூட்டங்களில் நாற்காலியில் அமர்ந்து கேட்பவர்கள் ஆண்கள். இலாகா இதைத் திருத்திக் கொள்ளாதவரை, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொன்னதாகாது.

மடிவீக்கத்தின் ஆரம்பத்தில் மூலிகை வைத்தியமும் கைகொடுக்கும். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பி, தேசிய பால்வள வாரியம் ஏற்றுக்கொண்ட முறை இது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் அரைத்து, மடியைக் கழுவி முற்றும் கறந்தபின், நாளில் எட்டுப் பத்து முறை நீரில் கரைத்துத் தடவ வேண்டும், ஐந்து நாள் விடாமல் செய்ய வேண்டும். இதற்குப் பாலை நிறுத்தும் நஷ்டமில்லை. ஆனால் பசுவுக்குக் காய்ச்சல் கண்டு தீனி விட்டாலோ, பாலில் இரத்தமோ சீழோ வந்தாலோ மூலிகையை நம்பிக் காலம் தாழ்த்துவது ஆபத்து. உடனே டாக்டரை அழைக்க வேண்டும். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் ஊர்தி கொட்டகைக்கே வரும்.

சந்தையில் வாங்கும் மாடு

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமையும் போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமையும் கூடும் சந்தைகளுக்கு ஆடுமாடுகள் பல திக்கிலிருந்தும் வருகின்றன. எல்லைக்கு அப்பாலிருந்தும் வருகின்றன. வாங்கிய அன்றே புது மாட்டைப் பழைய மாட்டோடு ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டுவதைப் போல நோயை விலைகொடுத்து வாங்கும் வழி வேறில்லை. குறைந்தது மூன்று வாரம் தனியே கட்ட வேண்டும். இரண்டு கொட்டகைக்கு வழியில்லாதவர் வீட்டின் மறுபுறத்திலோ புளிய மரத்தடியிலோ கட்டி, வேறு வாளியில் தண்ணீர் வைத்து, கடைசியில் கறந்தாலும் போதும். பயணத்தில் களைத்த மாட்டுக்கு முன்னெச்சரிக்கையாக ஒரு கிருமிக்கொல்லி ஊசி போடச் சொல்லும் தரகரின் யோசனையைத் தள்ளிவிடுங்கள். அவ்வூசி உள்ளே பதுங்கியிருக்கும் நோயைச் சில நாள் மறைக்குமே யன்றித் தடுக்காது.

மாட்டின் காதில் 12 இலக்கம் கொண்ட மஞ்சள் வில்லை இருக்கிறதா என்று பணம் கொடுக்குமுன் பாருங்கள். அந்த எண்ணைக் கொண்டு, எப்போது எந்தத் தடுப்பூசி போடப்பட்டதென்பதைக் கால்நடை டாக்டர் தம் பதிவில் பார்த்துச் சொல்லலாம். தேசம் முழுவதற்கும் ஒரே பதிவாதலால் கர்நாடகத்தில் போட்ட ஊசியும் அதில் தெரியும். வில்லை அறுந்த மாடாயின், வாங்கிய வாரத்திலேயே ஆஸ்பத்திரியில் புது வில்லை போட்டுக்கொண்டு, விடுபட்ட தடுப்பூசிகளுக்கு நாள் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.